வகுப்பறையில் நகைச்சுவையும் மாணவர் கவனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசிரியர்கள் ஒன்றுகூடிக் கற்பித்தல் முறைகளைப் பற்றிப் பேசும்போது, நகைச்சுவையைக் குறித்து ஏறத்தாழ ஒரே கேள்விகள்தாம் திரும்பத் திரும்ப எழுகின்றன. ஆய்வுகள் காட்டியவற்றையும், வகுப்பறையில் கவனித்துப் பார்ப்பவர் எவருக்கும் தெரியவருபவற்றையும் சேர்த்து அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன். கல்லூரியில் கற்பிப்பவர்களை நினைத்து எழுதியவை சில, பள்ளி ஆசிரியர்களை நினைத்து எழுதியவை சில. பெரும்பாலானவை இருவருக்கும் பொருந்தும்.

ஆசிரியர் நகைச்சுவையாகப் பேசினால் மாணவர்களின் கவனம் உண்மையிலேயே கூடுமா?

கூடும். ஆனால் எதன்மேல் கூடும் என்று சேர்த்துக் கேட்டால்தான் இந்தக் கேள்வி முழுமையடையும். வேடிக்கையாக ஒன்று சொல்லப்பட்டவுடன் கவிழ்ந்திருந்த தலைகள் நிமிர்வதையும், சன்னலுக்கு வெளியே போயிருந்த பார்வைகள் திரும்பி வருவதையும் எந்த ஆசிரியரும் கண்டிருப்பார். அந்த விழிப்பு சில நொடிகள்தான் நீடிக்கும். அந்த நொடிகளில் மாணவரின் முன்னால் பாடத்தின் கருத்து நின்றால் கவனம் கருத்தின்மேல் விழும். வேடிக்கை மட்டுமே நின்றால் கவனம் வேடிக்கையோடு வந்து வேடிக்கையோடு போய்விடும்.

இதற்கு நல்ல சான்று இஸ்ரேலிய உளவியலாளர் அவ்னெர் ஸிவ் 1988இல் வெளியிட்ட ஆய்வு. புள்ளியியல் அறிமுகப் பாடம் படித்த 161 மாணவர்கள் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவினருக்குப் பாடக் கருத்தோடு பிணைந்த நகைச்சுவையுடனும் மற்றப் பிரிவினருக்கு அது இல்லாமலும் ஒரு பருவம் முழுவதும் பாடம் நடத்தப்பட்டது. பருவ இறுதித் தேர்வில் நகைச்சுவையோடு கற்றவர்கள் தெளிவாகக் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். உளவியல் பாடம் படித்த 132 மாணவர்களிடம் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோதும் முடிவு மாறவில்லை. அங்கே கற்பித்தவர் நகைச்சுவையைப் பயன்படுத்துவதற்குப் பயிற்சி பெற்றிருந்தார் என்பதையும், வேடிக்கைகள் முன்கூட்டியே பாடத்துக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பதையும் மறந்துவிடக் கூடாது. மனம்போன போக்கில் சொன்ன துணுக்குகளால் வந்த பலன் அன்று அது.

அதற்கு முன்பே, 1977இல், கேப்லான், பாஸ்கோ என்ற இருவர் 508 பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்த ஆய்வின் முடிவு இன்னும் நுணுக்கமானது. நகைச்சுவை கலந்த விரிவுரையைக் கேட்டவர்களின் பொதுவான புரிதல், இறுக்கமான விரிவுரையைக் கேட்டவர்களின் புரிதலைவிட உயர்ந்துவிடவில்லை. ஆறு வாரங்கள் கழித்து மீண்டும் சோதித்தபோது, நகைச்சுவையான எடுத்துக்காட்டின் வழியே விளக்கப்பட்ட கருத்துகள் மட்டும் நன்றாக நினைவில் நின்றிருந்தன. நகைச்சுவை வகுப்பு முழுவதையும் தூக்கி நிறுத்திவிடும் என்று எதிர்பார்ப்பவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கோ இது பெரிய துணையாகத் தெரிகிறது: மாணவர்கள் எதை மறக்கவே கூடாது என்று நினைக்கிறோமோ, அந்த இடத்தில்தான் நகைச்சுவையைச் செலவிட வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

சிரிப்பு கவனத்தை ஏன் இழுக்கிறது?

எதிர்பார்ப்பு உடைவதால். பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் மனம் அடுத்து வரப்போவதை ஓயாமல் ஊகித்துக்கொண்டே இருக்கிறது. வருவது ஊகத்தோடு பொருந்திக்கொண்டே போனால் மெல்ல அயர்ந்துவிடுகிறது. பொருந்தாத ஒன்று வரும்போது விழித்துக்கொண்டு, அது எப்படிப் பொருந்தும் என்று தேடுகிறது. தேடிய விடை சட்டென்று கிடைத்துவிட்டால் சிரிப்பு வருகிறது. வேடிக்கையான படங்களைப் பார்ப்பவர்களின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்தபோது, பரிசோ உணவோ கிடைக்கும்போது இயங்கும் அதே பகுதிகள் அப்போதும் இயங்கியது 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தெரிந்தது. ஆக, நகைச்சுவையில் திகைப்பு, தேடல், கண்டுபிடிப்பு, மகிழ்ச்சி ஆகிய நான்கும் சில நொடிகளுக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன. புதிய கருத்து ஒன்றைப் புரிந்துகொள்ளும்போதும் இதே நான்கும் இதே வரிசையில்தான் நடக்கின்றன. கற்பித்தலுக்கு நகைச்சுவை இவ்வளவு நன்றாகப் பொருந்துவதற்குக் காரணம் இதுவே.

மனம் கண்டுபிடிக்கும் விடை பாடத்தின் விடையாகவே இருக்கும்படி வேடிக்கையை அமைக்க முடியுமா என்பதுதான் ஆசிரியர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. முடியும் என்றால் மாணவர் சிரிப்பதும் புரிந்துகொள்வதும் ஒரே செயலாகிவிடும்.

அப்படிப்பட்ட நகைச்சுவைக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

தமிழ் வகுப்பில் வல்லினம் மிகும் இடங்களை எடுத்துக்கொள்வோம். விதிகளின் பட்டியலாக நடத்தினால் பத்தாவது நிமிடத்தில் பாதி வகுப்பு உறங்கிவிடக்கூடிய பகுதி இது. ஆசிரியர் ஒரு பணி விண்ணப்பத்தின் கடைசி வரியைக் கரும்பலகையில் எழுதுகிறார்: 'ஆகவே எனக்கு வேலைக் கொடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' எழுதிவிட்டு, இதில் பிழை ஏதும் உண்டா என்று மட்டும் கேட்கிறார். இல்லை என்று பலர் சொல்கிறார்கள். "மேலாளரும் பிழையில்லை என்றுதான் நினைத்தார். எங்கள் அலுவலகத்தில் வேல், ஈட்டி முதலியவை இருப்பில் இல்லை, போர்க்களத்தில் விசாரிக்கவும் என்று பதில் எழுதி அனுப்பிவிட்டார்" என்று முகம் மாறாமல் சொல்கிறார்.

முதலில் நான்கைந்து பேர் சிரிக்கிறார்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்க்கிறார்கள், பிறகு கரும்பலகையைப் பார்க்கிறார்கள், எழுத்தெழுத்தாகப் படிக்கிறார்கள். இரண்டாவது சிரிப்பு நடு வரிசையிலிருந்து எழுகிறது. கடைசி இருக்கையிலிருந்து ஒரு நீண்ட "ஓ" வருகிறது. முதல் சிரிப்புக்கும் அந்த "ஓ"வுக்கும் இடைப்பட்ட நேரத்தில் ஆசிரியர் வாய் திறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் பேசியிருந்தால் பின்வரிசை மாணவர் தாமாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பை இழந்திருப்பார். இப்போது ஆசிரியர் 'க்' என்ற எழுத்தை மட்டும் விரலால் அழித்துவிட்டு, கடைசியாகச் சிரித்தவரைப் பார்த்து, "இப்போது இவர் என்ன கேட்கிறார்?" என்கிறார். "பணி கேட்கிறார்" என்று விடை வருகிறது. வேல் என்ற சொல்லோடு 'ஐ' உருபு வெளிப்படையாகச் சேர்ந்து நிற்பதால் அங்கே வல்லினம் மிகுந்தது, பணியைக் குறிக்கும் வேலை என்ற சொல்லில் உருபு மறைந்து நிற்பதால் மிகவில்லை என்ற விதியை அதற்குப் பிறகுதான் சொல்கிறார். சொன்ன கையோடு, அதே விதியை வைத்துப் பார்க்க வேண்டிய ஐந்தாறு தொடர்களைக் கொடுத்துவிடுகிறார். சிரிப்பினால் வந்த விழிப்பு அடங்குவதற்குள் அந்தப் பயிற்சி தொடங்கிவிட வேண்டும்.

கணக்கிலும் இதைச் செய்யலாம். பாட்டிக்கு வயது 70, பேத்திக்கு வயது 2, இருவருக்கும் புத்தாடை எடுக்கப் போனவர் சராசரி வயது 36 என்று கணக்கிட்டு, அந்த வயதுக்காரருக்குப் பொருந்தும் ஆடைகள் இரண்டை வாங்கி வந்துவிட்டார் என்று சொன்னால், சராசரி என்ற எண் தரவின் பரவலைச் சொல்லாமல் மறைத்துவிடும் என்பதை மாணவர்கள் சிரிப்போடு பிடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பரவலை அளக்கும் திட்ட விலக்கத்துக்குப் போவதற்கு அதைவிட நல்ல வாயில் எனக்குத் தெரியவில்லை.

பாடத்தோடு தொடர்பில்லாத துணுக்குகளைச் சொல்வதில் தவறு உண்டா? வகுப்பு கலகலப்பாகத்தானே இருக்கும்?

கலகலப்பாக இருக்கும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஷ்மிட் என்ற உளவியலாளர் 1994இல் வெளியிட்ட சோதனைகளில், வேடிக்கையான வாக்கியங்களும் சாதாரண வாக்கியங்களும் கலந்த பட்டியலைப் படித்தவர்கள் வேடிக்கையானவற்றை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். அதே பட்டியலில் இருந்த சாதாரண வாக்கியங்களைக் கூடுதலாக மறந்திருந்தார்கள். நினைவு ஓரிடத்தில் கூடியது, மற்றோர் இடத்தில் குறைந்தது. வகுப்பில் சொல்லப்படும் துணுக்கு வேடிக்கையான வாக்கியம் என்றால், அதை அடுத்து வரும் வரையறை சாதாரண வாக்கியம். துணுக்கு வீடுவரை போகும், வரையறை வகுப்பிலேயே தங்கிவிடும்.

பாடநூல்களைப் பற்றிய ஆய்வுகளிலும் இதற்கு இணையான முடிவு உண்டு. மையக் கருத்தோடு சேராத சுவையான செய்திகளை ஒரு பாடத்தில் நுழைத்தால், படிப்பவர்கள் அவற்றை நினைவில் வைத்துக்கொண்டு மையக் கருத்தைக் கோட்டைவிடுகிறார்கள் என்று 1980களின் இறுதியிலிருந்து பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. மின்னல் உருவாகும் முறையை விளக்கும் பாடத்தில், மின்னல் தாக்கியவர்களைப் பற்றிய சுவையான செய்திகளைச் சேர்த்ததும் முறை பற்றிய புரிதல் குறைந்துபோனதை ஹார்ப், மேயர் ஆகியோரின் 1998ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

இதற்காக, பாடத்துக்கு வெளியே ஒரு சொல்கூட வேடிக்கையாகப் பேசக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வகுப்பு தொடங்கும் முன்னரும், ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியிலும், நீண்ட பயிற்சிக்குப் பின் எல்லோரும் களைத்திருக்கும்போதும் அப்படிப்பட்ட பேச்சு மனங்களை இளக்கும். ஆசிரியரோடு நெருக்கத்தை வளர்க்கும். புதிய கருத்தை விளக்கிக்கொண்டிருக்கும் அந்த ஐந்து நிமிடங்களில் மட்டும் அதற்கு இடம் தரக் கூடாது.

ஒரு வகுப்பில் எத்தனை முறை நகைச்சுவையைப் பயன்படுத்தலாம்?

கல்லூரி விரிவுரைகளை ஒலிப்பதிவு செய்து பிரையன்ட், கோமிஸ்கி, ஸில்மன் ஆகியோர் 1979இல் வெளியிட்ட ஆய்வில், 50 நிமிட வகுப்பொன்றுக்குச் சராசரியாக 3.34 முறை நகைச்சுவை இடம்பெற்றிருந்தது. ஸிவ்வின் ஆய்வில் நல்ல பலன் தந்த அளவும் ஏறக்குறைய இதுவே. விருது பெற்ற ஆசிரியர்கள் நகைச்சுவையை மிகுதியாகப் பயன்படுத்துவதில்லை, அளவோடுதான் பயன்படுத்துகிறார்கள் என்ற முடிவும் 1988இல் வந்த வேறோர் ஆய்வில் உண்டு. மணிக்கு மூன்று நான்கு என்பதை ஒரு மேல்வரம்பாக வைத்துக்கொள்வது நல்லது. ஒரு வகுப்பில் ஒன்றே ஒன்று, அன்றைய பாடத்தின் மிகக் கடினமான இடத்தில் வந்தால் அதுவும் போதும். ஓயாமல் சிரிக்கவைக்கும் ஆசிரியரிடம் மாணவர்கள் அடுத்த சிரிப்புக்காகக் காத்திருக்கப் பழகிவிடுகிறார்கள். இடையில் வரும் விளக்கம் அவர்களுக்குக் காத்திருக்கும் நேரமாகிவிடுகிறது.

மாணவர்களின் கவனம் 10 அல்லது 15 நிமிடங்கள்தான் நிற்கும் என்கிறார்கள். அப்படியானால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வேடிக்கை என்று வைத்துக்கொள்ளலாமா?

அந்தக் கணக்கை நம்பித் திட்டமிட வேண்டாம். மிகப் பரவலாக வழங்கிவந்தாலும், 2007இல் வில்சன், கோர்ன் ஆகியோர் அதன் மூல ஆய்வுகளைத் தேடிப் படித்துப் பார்த்தபோது அதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. கவனம் உண்மையில் எப்படி அலைகிறது என்பதை டயான் பன்ஸும் அவருடைய குழுவினரும் 2010இல் வேதியியல் வகுப்புகளில் அளந்து பார்த்தார்கள். கவனம் சிதறியதை உணர்ந்தவுடன் மாணவர்களே கையிலிருந்த கருவியின் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. பெரும்பாலான சிதறல்கள் ஒரு நிமிடமோ அதற்கும் குறைவாகவோதான் நீடித்தன. ஆனால் வகுப்பு முழுவதும் திரும்பத் திரும்ப வந்தன, முடிவை நெருங்க நெருங்க அடிக்கடி வந்தன. செய்முறை விளக்கம் காட்டப்பட்ட நேரங்களிலும், மாணவர்கள் விடையளிக்கும்படி கேள்வி கேட்கப்பட்ட நேரங்களிலும் சிதறல் குறைந்தது. அவற்றை அடுத்து வந்த விரிவுரைப் பகுதியிலும் அந்தக் குறைவு தொடர்ந்தது.

இதிலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். கவனம் போவதும் வருவதும் இயல்பு, அதற்காக மாணவரைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை. அடுத்து, கடிகாரத்தைப் பார்த்து வேடிக்கை சொல்வதைவிட, மாணவரைச் செயலில் இறக்கும் ஒரு கேள்வியோடு வேடிக்கையை இணைப்பது மேல். மேலே சொன்ன விண்ணப்ப எடுத்துக்காட்டில் வேல் பற்றிய வேடிக்கைக்கு முன்னும் ஒரு கேள்வி இருந்தது, பின்னும் ஒரு கேள்வி இருந்தது.

மாணவரைச் செல்லமாகக் கிண்டல் செய்வது வகுப்பில் இயல்புதானே? அவர்களும் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் கடுமையாகவே விடை சொல்ல விரும்புகிறேன். நகை பிறக்கும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்று தொல்காப்பியம் வகுக்கிறது. எள்ளலே அவற்றுள் முதலாவதாக நிற்கிறது. ஒருவரை இகழ்ந்தால் சிரிப்பு எளிதாக வந்துவிடும். எளிதாக வருகிறது என்பதே அதன் ஆபத்து.

பெருக்கலில் தவறாக விடை சொன்ன ஒரு மாணவியிடம் ஆசிரியர், "உன் கணக்குப்படி கடை நடத்தினால் கடைக்காரர் ஒரே நாளில் தெருவுக்கு வந்துவிடுவார்" என்கிறார். வகுப்பு சிரிக்கிறது. அந்த மாணவியும் சிரிக்கிறாள், ஏனென்றால் அந்த நிமிடத்தில் அவளுக்கு வேறு வழியில்லை. அடுத்த கேள்விக்கு அவள் கை உயரவில்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது மற்றவர்களின் கைகள்: விடை ஓரளவு தெரிந்தும் உறுதியில்லாமல் இருந்த நான்கைந்து பேர், தாமும் சிரிப்புக்கு ஆளாகலாம் என்று கணக்கிட்டுக் கைகளை மேசைமேலேயே வைத்துக்கொள்கிறார்கள். பார்வைக்கு வகுப்பு முன்னைவிட உன்னிப்பாக இருக்கிறது. உண்மையில் அவர்கள் பாடத்தைக் கவனிப்பதை விட்டுவிட்டு ஆசிரியரின் முகத்தைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். அச்சத்தால் வரும் அமைதியைக் கவனம் என்று எண்ணிவிடக் கூடாது.

வகுப்பறை நகைச்சுவை கற்றலுக்கு எப்போது உதவும் என்பதை விளக்க வான்சர், பிரைமியர், இர்வின் ஆகியோர் 2010இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். கேட்பவர் வேடிக்கையின் முரணைக் கண்டு விடுவிக்க வேண்டும்; அது அவருக்கு நல்லுணர்வைத் தர வேண்டும்; பாடத்தோடு தொடர்புடையதாகவும் இருக்க வேண்டும். இகழப்படுபவர் நமக்கு வேண்டியவராக இருந்தால் நல்லுணர்வு வராது என்பது அந்தக் கோட்பாட்டின் ஒரு பகுதி. வகுப்புத் தோழி இகழப்படும்போது மற்ற மாணவர்களின் வாய் சிரித்தாலும் மனம் சுருங்குவது இதனால்தான். பாடத்தோடு இணைந்த நகைச்சுவை அதிகமுள்ள வகுப்புகளில் மாணவர்களின் மகிழ்ச்சி கூடுதலாகவும் சலிப்பு குறைவாகவும் இருப்பதும், புண்படுத்தும் நகைச்சுவை உள்ள வகுப்புகளில் இது தலைகீழாவதும் ஜெர்மனியில் பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளிவந்த ஆய்விலும் தெரிந்தது.

தோற்றம், உடல் எடை, நிறம், பேச்சுக் குறை, குடும்பம், சாதி, மதம், வறுமை, மதிப்பெண், பெயர் ஆகிய எதுவும் வேடிக்கைக்குப் பொருளாகக் கூடாது. மாணவர் அனுமதித்தாலும் கூடாது, ஏனென்றால் மதிப்பெண் போடும் கையை உடையவரிடம் மறுப்புச் சொல்லும் உரிமை மாணவருக்கு முழுமையாக இருப்பதில்லை. ஆசிரியர் தம்மைத் தாமே எப்போதாவது வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். அதுவும் அடிக்கடி வந்தால், பாடத்தில் அவருக்குள்ள புலமையின்மேல் மாணவர்களுக்கு ஐயம் எழும்.

சிறு குழந்தைகளிடம் எப்படிப்பட்ட நகைச்சுவை எடுபடும்?

ஒலி விளையாட்டு, மிகைப்படுத்தல், வேண்டுமென்றே தவறாகச் செய்துகாட்டுதல் ஆகியவை. ஆசிரியர் எழுத்தைத் தலைகீழாக எழுதினாலோ, எண்ணும்போது ஏழைத் தாண்டிப் போய்விட்டாலோ, குழந்தைகள் அதைக் கண்டுபிடித்துத் திருத்துவதில் கொள்ளும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. திருத்துவதற்காகவே கண் இமைக்காமல் கவனிப்பார்கள். ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கான கல்வித் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் குறுகிய வேடிக்கைத் துண்டுகளை விரைவாக இடையிட்டபோது அவர்களின் கவனமும் செய்திகளை உள்வாங்குவதும் கூடின என்று ஸில்மன் குழுவினர் 1980இல் காட்டினார்கள். பெரியவர்களுக்குச் சொன்ன பொருத்தக் கட்டுப்பாடு குழந்தைகளிடம் சற்றுத் தளர்கிறது என்று இதிலிருந்து கொள்ளலாம்.

அங்கே வேறொரு கட்டுப்பாடு உண்டு. சொல்வது ஒன்றும் பொருள் வேறொன்றுமாக இருக்கும் எதிர்மறைப் பேச்சை இந்த வயதினர் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். "ஆகா, எவ்வளவு சுத்தமான மேசை!" என்று மை சிந்திய மேசையைப் பார்த்துச் சொன்னால், அதைப் பாராட்டாகவே ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. பாடச் செய்தியைத் திரித்துச் சொல்லும் வேடிக்கை இன்னும் சிக்கலானது: திரித்த செய்தியே மனத்தில் பதிந்துவிடக்கூடும். வேண்டுமென்று தவறு செய்துகாட்டினால் சரியானதை உடனே, தெளிவாக, குழந்தைகளின் வாயாலேயே சொல்லவைத்துவிட வேண்டும்.

தேர்வுத் தாளில் வேடிக்கையான கேள்விகளைச் சேர்க்கலாமா?

பதற்றம் குறையும் என்று பல மாணவர்கள் சொன்னாலும், மதிப்பெண் உயர்கிறதா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபடவில்லை. நேரம் குறைவான தேர்வில் ஒரு வேடிக்கையை விடுவிப்பதும் ஒரு வேலைதான். மதிப்பெண் இல்லாத பயிற்சித் தாள்களில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். முக்கியமான தேர்வுகளில் கேள்வி நேரடியாக இருப்பதே நியாயம்.

எனக்கு நகைச்சுவை வராது. நான் என்ன செய்வது?

வராததை வரவழைக்க முயல வேண்டாம். அது மாணவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். நூல் கற்பிக்கும் முறையைச் சொல்லும் நன்னூல் நூற்பா, ஆசிரியர் "விரையான் வெகுளான் விரும்பி முகமலர்ந்து" கற்பிக்க வேண்டும் என்றும், "கொள்வோன் கொள்வகை அறிந்து" கொடுக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அவசரப்படாமை, சினவாமை, விருப்பம், மலர்ந்த முகம் ஆகிய இவை எல்லோராலும் பழகிக்கொள்ளக்கூடியவை. ஆசிரியர் கற்பிப்பதில் கொள்ளும் மகிழ்ச்சி, அவருடைய ஆர்வத்தின் வழியே மாணவர்களின் மகிழ்ச்சியோடு தொடர்புகொள்கிறது என்பதைக் கணித வகுப்புகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேடிக்கை ஒன்றும் சொல்லாமலேயே மாணவர்களை ஒரு மணிநேரம் பிடித்துவைத்திருக்கும் ஆசிரியர்களிடம் இந்த மகிழ்ச்சியைத்தான் காண்கிறோம்.

அதற்கு மேலும் வேண்டும் என்றால், வேடிக்கையை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. உங்கள் பாடத்தில் மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தவறான புரிதலை உண்மை என்று வைத்துக்கொண்டு, அதன்படி உலகம் நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கனமான பொருள் வேகமாக விழும் என்று நம்பும் மாணவர்களிடம், பத்துக் கற்களை ஒன்றாகக் கட்டினால் அது பத்து மடங்கு வேகமாக விழுமா, கட்டியிருக்கும் செய்தி கற்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். பாடத்திலேயே புதைந்திருக்கும் முரண் வெளியே வந்துவிடும். இதற்கு நடிப்பும் வேண்டாம், நினைவாற்றலும் வேண்டாம்; ஆண்டுக்குப் பத்து இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டால் சில ஆண்டுகளில் பாடம் முழுவதற்கும் சேர்ந்துவிடும்.

நான் சொன்னதற்கு யாருமே சிரிக்கவில்லை என்றால்?

அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். வேடிக்கை பாடத்தின் எடுத்துக்காட்டாகவே அமைந்திருந்தால், சிரிப்பு வராவிட்டாலும் எடுத்துக்காட்டு அங்கேயே இருக்கிறது, ஒன்றும் இழப்பில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று கேட்பதையும் வேடிக்கையை விளக்குவதையும் தவிர்க்க வேண்டும்.

சிரிப்பு கட்டுக்கடங்காமல் போய்விட்டால் வகுப்பை எப்படி மீட்பது?

குரலை உயர்த்துவதால் பெரும்பாலும் பயனில்லை. சிரிப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் தன்மையுடையது. அது தானாக இறங்குவதற்குச் சில நொடிகள் கொடுத்துவிட்டு, எழுதிச் செய்யவேண்டிய ஒரு சிறு பணியைக் கரும்பலகையில் எழுதுங்கள். கைக்கு வேலை வந்ததும் வகுப்பு திரும்பிவிடும். இதை முன்கூட்டியே திட்டமிட்டு, எந்த வேடிக்கைக்குப் பிறகு எந்தப் பணி என்று குறித்து வைத்துக்கொள்ளும் ஆசிரியருக்கு இந்தச் சிக்கல் அரிதாகவே வரும்.

மாணவர் ஒருவர் குறுக்கிட்டுச் சொன்ன வேடிக்கையால் சிரிப்பு எழுந்ததென்றால், அது பாடத்தைத் தொட்டதா என்று மட்டும் பாருங்கள். தொட்டிருந்தால் அவரும் பாடத்தைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்; அதையே கேள்வியாக மாற்றி வகுப்புக்குத் திருப்பிவிடலாம். வேறொருவரைப் புண்படுத்தியிருந்தால், சிரித்து ஏற்காமல், அப்போதே சுருக்கமாக நிறுத்தி, பிறகு தனியே பேசுவதுதான் முறை.

இணையவழி வகுப்பில் நகைச்சுவை எடுபடுமா?

எடுபடும், ஆனால் சிரிப்பொலியை எதிர்பார்க்க முடியாது. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது மனிதர்கள் ஏறத்தாழ 30 மடங்கு கூடுதலாகச் சிரிக்கிறார்கள் என்பது சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் புரோவைனின் கண்டுபிடிப்பு. ஒலிவாங்கியை அணைத்துவிட்டுத் தனியறையில் அமர்ந்திருக்கும் மாணவர் சிரிக்காமல் இருப்பதை அவர் ரசிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பதிவுசெய்த புள்ளியியல் விரிவுரைகளில் பாடத்தோடு பொருந்திய நகைச்சுவையைச் சேர்த்தபோது மாணவர்கள் அவற்றை விரும்பியதோடு செய்திகளையும் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள் என்பதை கார்னர் 2006இல் காட்டினார். எழுத்தில் மட்டும் நடக்கும் உரையாடல்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். குரலும் முகமும் இல்லாதபோது மென்மையான வேடிக்கைகூடக் கடுமையாகப் படிக்கப்படலாம்.

நான் பயன்படுத்திய நகைச்சுவை பயன் தந்ததா என்று எப்படி அறிவது?

சிரிப்பின் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு வாரம் கழித்து, வேடிக்கையை நினைவூட்டாமல், அந்தக் கருத்தைப் புதிய சூழலில் பயன்படுத்த வேண்டிய ஒரு கேள்வியைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகு, அன்றைய வகுப்பில் நினைவில் நிற்பது எது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கருத்தைச் சரியாகப் பயன்படுத்தியவர்கள் பலர் வேடிக்கையையும் குறிப்பிட்டிருந்தால், அதை அடுத்த ஆண்டுக்கும் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளலாம். வேடிக்கையை எல்லோரும் குறிப்பிட்டு, கேள்விக்குப் பெரும்பாலோர் தவறாக விடையளித்திருந்தால், அது எவ்வளவு நன்றாகச் சிரிக்கவைத்திருந்தாலும் பாடத்தின் அந்த இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டும் கலந்து வந்தால், வேடிக்கைக்கும் விதிக்கும் இடையே மாணவர்கள் தாமாகக் கண்டுபிடிக்க நீங்கள் எத்தனை நொடிகள் விட்டீர்கள் என்பதைப் பாருங்கள். பெரும்பாலும் திருத்தம் வேண்டியிருப்பது அங்கேதான்.